கடை வைத்து விளையாடுகிற பிள்ளை என்னத்தைப் படிக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருத்தி என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள், இப்போது திருப்பூரில் இருக்கிறாள். இன்னொருவர் என் நாத்தனார் மகன். இரண்டு பேருக்கும் ஒரே கவலை. பிள்ளைக்கு மூன்றரை வயது, பள்ளியில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது, நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. "கேட்டா இன்னிக்கு கடை விளையாட்டு, நேத்து ஆஸ்பத்திரி விளையாட்டுங்கறாங்க அத்தை. இதுக்கா பீஸ் கட்டுறோம்? வேற ஸ்கூல் மாத்திடலாமா?" என்றார் மருமகப்பிள்ளை.

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். மாற்றாதீர்கள். ஆனால் ஒருநாள் போய் அந்தக் கடையைப் பாருங்கள். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி உங்களில் இன்னும் பலருக்கு இருக்கும் என்று தெரியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான் என் உலகம், அது உங்களுக்கே தெரியும். 2019-இல் தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளிகளோடு இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். என்னைப் போன்ற இடைநிலை ஆசிரியர்கள் பலரை அந்த வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். பலருக்கு அதில் மனவருத்தம். எனக்கு முட்டிவலி மட்டும்தான். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டுமே! 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடும்வரை அந்தக் குட்டிகளோடுதான் இருந்தேன். ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய வயதுக்குள் போய்ப் பார்த்ததால் சிலது எனக்கு நன்றாக விளங்கியது.

ஒன்றாம் வகுப்பில் இரண்டு விதமாகப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு சிலர் மூன்று வயதிலிருந்தே பென்சில் பிடித்து, எழுத்தெல்லாம் அச்சு மாதிரி எழுதுவார்கள். ஆனால் "நேத்து லீவுல என்ன பண்ணே?" என்று கேட்டால் வாய் திறக்காது. இன்னும் சிலருக்கு 'அ' போடத் தெரியாது. ஆனால் கதை சொல்லச் சொன்னால் நிறுத்த முடியாது. "அப்புறம் மாமா வந்தாரா, அவருக்குக் கோவம், ஏன்னா சாவியக் காணோம்" என்று கோத்துக் கோத்துப் பேசும். இந்த இரண்டாவது வகைப் பிள்ளை தீபாவளிக்குள் எழுத்தைப் பிடித்துவிடும். முதல் வகையைப் பேச வைக்க எனக்கு மூன்றாம் வகுப்புவரை ஆகும். 'ஏன்னா', 'அப்புறம்', 'இல்லன்னா' என்கிற சொற்கள் வாயில் வருகிற பிள்ளைக்குத்தான் பின்னால் கணக்கில் வருகிற வாக்கியமும் புரிகிறது. அந்தச் சொற்கள் மூன்று நாலு வயதில் வேறெங்கே விளைகின்றன? வீடு கட்டி, சோறாக்கி, கடை போட்டு, பஸ் ஓட்டி விளையாடுகிற இடத்தில்தான்.

இது ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கில்லை. மணலில் சிற்றில் கட்டி, சிறுசோறு சமைத்து விளையாடியவர்கள் நம் பிள்ளைகள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவம், சிறுதேர் உருட்டல் ஒரு பருவம். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதையும் 'எங்கள் மணல் வீட்டைக் கலைக்காதே' என்று கண்ணனிடம் சொல்வதற்கே கொடுத்திருக்கிறாள். நம் பாட்டிமார் பொங்கலுக்குச் சொப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தெருவும் திண்ணையும் கொல்லையும் இருந்தவரைக்கும் பள்ளிக்கூடம் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இப்போது திண்ணை போய்விட்டது, தெருவில் வண்டி வந்துவிட்டது, கையில் போன். அதனால்தான் வகுப்பறையின் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கிறது.

ரஷ்யாவில் வைகாட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் இருந்தார். 1934-இல், நாற்பது வயதாகும் முன்பே காலமானவர். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பிள்ளை ஒரு குச்சியை எடுத்து அதைக் குதிரை என்கிறது. அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைத் தனியே பிரித்துவிடுகிறது. எழுத்தும் அப்படித்தானே? 'அ' என்பது வெறும் கோடு. அந்தக் கோடு ஒரு ஒலி என்று ஒத்துக்கொள்ள வேண்டும். செங்கல்லை போன் என்று காதில் வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய வேலை இல்லை. குச்சியைக் குதிரையாக்காமல் நேராக எழுத்துக்கு வந்த பிள்ளை கோட்டை மட்டும்தான் வரைகிறது.

சரி, எல்லா விளையாட்டு மூலையும் ஒன்றா? இல்லை. சேர்க்கைக் காலத்தில் சில பள்ளிகளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களே, அங்கே பார்த்திருக்கிறேன். ரோஸ் கலர் பிளாஸ்டிக் அடுப்பு, அதில் பிளாஸ்டிக் பீட்சா, மேலே 'கிச்சன்' என்று பளபளவென்று போர்டு. ஒரு கீறல் கிடையாது, ஒரு பிடி கழன்றிருக்காது. அப்போதே தெரிந்துவிடும், பிள்ளைகள் கை அதில் படுவதில்லை, போட்டோ எடுக்க மட்டும்தான் என்று. இன்னொரு இடத்தில் ஏர்போர்ட் அமைத்திருந்தார்கள். அந்த வகுப்பில் ஏர்போர்ட் பார்த்த பிள்ளை இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு சும்மா சுற்றிச் சுற்றி வந்தன. கண்ணால் காணாததை எப்படி விளையாடும்?

எங்கள் வகுப்பில் ஆறடிக்கு ஆறடி இடம். இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவில் கொடிக்கயிறு, அதில் என் பழைய நூல் சேலை ஒன்று. அந்தச் சேலைதான் வீட்டுச் சுவர், கடைத் திரை, பஸ், எல்லாம். பிள்ளைகளுக்கு மறைவு ஒன்று வேண்டும். பெரியவர்கள் கண் நேராகப் படுகிற இடத்தில் அதுகளுக்குப் பேச்சு வராது. ஆனால் நான் ஒதுங்கி உட்கார்ந்தால் உள்ளே தெரிகிற மாதிரிதான் கட்டியிருந்தேன்.

முதலில் வீடு. அது வருடம் முழுக்க இருக்க வேண்டும், எடுக்கவே கூடாது. புதிதாக வந்து அழுகிற பிள்ளை முதலில் போய் உட்காருவது அங்கேதான். பிறகு மளிகைக்கடை, டீக்கடை, நர்சம்மா வந்து ஊசி போடும் இடம், பஸ். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாரமாவது விட்டு வைக்க வேண்டும். திங்கள்கிழமை கடை, செவ்வாய்க்கிழமை தபாலாபீஸ் என்று அட்டவணை போடுகிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். முதல் இரண்டு நாள் பொருளை எடுத்துத் தட்டிப் பார்க்கவே சரியாக இருக்கும். மூன்றாம் நாள் 'நான்தான் கடைக்காரி' என்று சண்டை. கதை என்று ஒன்று உருவாவதே அதற்கு அப்புறம்தான். அதே மாதிரி, பத்து நிமிடம் கொடுத்தாலும் பயனில்லை. யார் யார் என்னவாக இருப்பது என்று பேசி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். முக்கால் மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

எங்களுடைய மிகப் பெரிய வெற்றி நெல் கொள்முதல் நிலையம்! நம் பக்கத்துப் பிள்ளைகள் சம்பா அறுவடையில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆயாவும் நானும் பிள்ளைகளைக் கைகோத்துக் கூட்டிப்போய்க் காட்டி வந்தோம். மறுநாள் வகுப்பில் நாலு சின்னக் கோணிப்பை, அதில் உமி, கயிற்றில் தொங்கும் ஒரு தராசு, ஒரு நோட்டு, ஒரு ஸ்டாம்பு பேட். ஈரப்பதம் பார்க்கிற மெஷினுக்கு ஒரு பழைய சோப்பு டப்பா. நான் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு பெண் பிள்ளை டப்பாவைச் சாக்கில் குத்திப் பார்த்துவிட்டு, "பதினேழுக்கு மேல இருக்கு. காய வச்சு எடுத்தாங்க" என்று கையை ஆட்டினாள். எதிரே நின்ற 'விவசாயி' விடவில்லை. "ரெண்டு நாளா வெயிலே இல்லம்மா. நீங்களே சொல்லுங்க, எங்க காய வைக்கிறது?" வயது நாலு! அப்புறம் அவன் ஓரமாகச் சாக்கை விரித்துக் காலால் கிளறி விட்டான், சூரியனாக இன்னொருத்தி வந்து நின்றாள், மறுபடி குத்திப் பார்த்து 'பதினேழு' ஆனதும் சாக்கு தராசு ஏறியது. நோட்டில் கிறுக்கி, ஸ்டாம்பு அடித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். எண்ணும் எடையும் காத்திருப்பும் காரணம் சொல்லுதலும் அதில் இருந்தன. நானாகப் பாடம் நடத்தியிருந்தால் ஒரு மாதத்தில் இவ்வளவும் வந்திருக்காது.

அந்தக் கிறுக்கலைக் கேவலமாக நினைக்காதீர்கள். எழுத்துக்கு ஒரு வேலை உண்டு, சீட்டு இருந்தால்தான் பணம் வரும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வாரம் நான் சுவரில் 'நெல்', 'எடை' என்று இரண்டு அட்டை எழுதி மாட்டினேன். யாரும் கேட்காமலே நாலு பிள்ளைகள் சீட்டில் அதைப் பார்த்து வரைந்தார்கள்.

ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்றுதான் பலருக்குக் குழப்பம். ஒரு கூட்டம் 'விட்டுவிடுங்கள், தானாக விளையாடும்' என்கிறது. இன்னொரு கூட்டம் கடைக்குள் புகுந்து 'இது என்ன கலர்? இதுல எத்தனை இருக்கு?' என்று பரீட்சை வைக்கிறது. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. சாரா ஸ்மிலான்ஸ்கி என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 1968-இல் புத்தகமாக எழுதினார். வெளியே கூட்டிப்போய் இடங்களைக் காட்டியது மட்டும் அதிகம் உதவவில்லை. பெரியவர் ஒருவர் விளையாட்டுக்குள் வந்து எப்படி விளையாடுவது என்று கைகொடுத்தபோதுதான் விளையாட்டு வளர்ந்தது. இரண்டும் சேர்ந்தபோது இன்னும் நன்றாக வளர்ந்தது. என் அனுபவமும் அதுதான். ஆனால் டீச்சராகப் போகக் கூடாது. வாடிக்கையாளராகப் போக வேண்டும். கடை மந்தமாக இருந்தால் நான் போய், "அண்ணாச்சி, விருந்தாளி வந்துட்டாங்க, அவசரமா காபித்தூள் வேணும், காசு நாளைக்குத் தரேன்" என்பேன். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று பேர் கூடிப் பேசுவார்கள். நான் காபித்தூளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் உள்ளே இருந்தால் விளையாட்டு நம்முடையதாகிவிடும்.

மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருக்குப் பாவனை விளையாட்டில் பெரிய ஈடுபாடு இல்லை. பொம்மைச் சோறு ஆக்குவதைவிடப் பிள்ளை நிஜமாகவே தண்ணீர் ஊற்றட்டும், நிஜமாகப் பெருக்கட்டும் என்பார். அம்மையாரோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் நிஜப் பொருள் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு மூலையில் பிளாஸ்டிக் கிடையாது. ஈயம் பூசிய பித்தளை டம்ளர், மூங்கில் முறம், தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி, சின்ன விளக்குமாறு. கனமும் சத்தமும் உள்ள பொருளைப் பிள்ளை கவனமாகப் பிடிக்கிறது.

பெற்றோருக்கும், பள்ளி நடத்துகிற என் மாணவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. காலி மாத்திரை அட்டையை டாக்டர் விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் நிஜ மாத்திரையையும் மிட்டாய் என்று எடுத்துவிடும். புளியங்கொட்டை, பட்டன், கோலி எல்லாம் மூன்று வயதில் மூக்குக்கோ தொண்டைக்கோ போகும். பழைய ரிமோட், கால்குலேட்டர் கொடுத்தால் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூச்சிமருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவியிருந்தாலும் பள்ளிக்குள் கொண்டு வரவே கூடாது.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டு மூலையைத் திறந்து வைத்தால் உள்ளே ஊரும் வந்துவிடும். யார் முதலாளி, யார் மூட்டை தூக்குகிறவன் என்பது முதல் நாளே முடிவாகிவிடும். எங்கள் கொள்முதல் நிலையத்திலும் ஒரே பையன் மூன்று நாள் தொடர்ந்து சாக்கு தூக்கினான். அவன் கேட்கவில்லை, மற்றவர்களும் கொடுக்கவில்லை. அதற்காக நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அட்டையில் படம் வரைந்து கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஐந்து பட்டை செய்தேன்: நோட்டு, தராசு, டப்பா, சாக்கு, விவசாயி. கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். ஐந்து பட்டை என்பதால் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான்; அடிதடியும் குறைந்தது. அவனுக்கு நோட்டுப் பட்டை வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆம்பளப் பிள்ளை அடுப்பில் உட்கார்ந்து கிண்டுவதைப் பார்த்த ஒரு தாத்தா, "இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குச் சமைக்கிறவரு யாருங்க ஐயா?" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் கடினமானதும் வரும். ஒருநாள் வீட்டு மூலையில் ஒரு பிள்ளை தள்ளாடிக்கொண்டே வந்து பாத்திரத்தை உதைத்துக் கத்தியது. 'அம்மா'வாக இருந்த பிள்ளை பொம்மையைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் ஒடுங்கியது. இந்த இடத்தில் சிரிக்கவும் கூடாது, "சீ, இப்படியெல்லாம் விளையாடக் கூடாது" என்று அதட்டவும் கூடாது. "உங்கப்பா இப்படித்தானா?" என்று கேட்பது பெரிய பாவம். நான் பக்கத்து வீட்டுக்காரியாகக் கதவைத் தட்டினேன். "என்னங்க சத்தம்? பாப்பா பயந்துக்குதே. எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றேன். அம்மாவும் பொம்மையும் என் மடிக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் 'அப்பா'வும் வந்து தண்ணீர் கேட்டார். அந்தக் குடும்பத்தோடு நான் பிறகு தனியாகப் பேசினேன், அது எங்களுக்குள். பார்த்ததை ஆசிரியர் அறையில் பேசிச் சிரிக்கிற ஆளுக்கு இந்த வேலை கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் நம்மைப் புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதக்கணக்கான பிறகும் எங்கள் பிள்ளைகள் அதை விளையாடினார்கள். சேலையைப் பிடித்து இழுத்து 'கூரை போச்சு, கூரை போச்சு' என்று கத்துவார்கள். தென்னை மரமாக நின்றவன் தொப்பென்று விழுவான். அப்புறம் எல்லோரும் வரிசையில் நின்று தார்ப்பாய் வாங்குவார்கள். பிறகு கொடிக்கயிற்றில் சேலையைத் திரும்பக் கட்டச் சொல்லி என்னிடம் வருவார்கள். மறுபடி இழுப்பார்கள், மறுபடி கட்டுவோம். ஒரு நாளைக்கு நாலு தடவைகூடக் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது குறைந்தது, கட்டுவது நீண்டது. ஒரு நாள் கூரை போகவே இல்லை; 'காத்து அடிக்குது, எல்லாரும் புடிச்சுக்கங்க' என்று ஆறு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வயதில் வாயால் சொல்ல முடியாததை வைக்க அதுகளுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? நாலு கோடு நோட்டா?

ஆகவே திருப்பூர்க்காரிக்கும் மருமகப்பிள்ளைக்கும் சொல்கிறேன். பள்ளிக்குப் போனால் நோட்டைக் கேட்காதீர்கள். அந்த மூலையில் பொருள்கள் கீறல் விழுந்து, பிடி தேய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். போன வாரத்துக் கதை இந்த வாரமும் தொடர்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். 'இன்னிக்கு என்ன எழுதினே?' என்று பிள்ளையைக் கேட்பதை விட்டுவிட்டு, 'இன்னிக்கு நீ யாரா இருந்தே?' என்று கேளுங்கள். பதில் அரை மணி நேரம் வந்தால் கட்டுகிற பீஸ் வீணில்லை. மூலை புதுசு மாதிரி மினுங்கி, பிள்ளை 'தெரியல' என்றால், அப்போது போன் செய்யுங்கள், வேறு பள்ளியைப் பற்றிப் பேசலாம்.

தனியார் பள்ளியில் கட்டிவிட்டு இதைக் கேட்கிறவர்கள் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியையும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும் சமையல், எடை பார்ப்பது, பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். விளையாட்டு மூலை அமைக்க ஆசை இருக்கும், சாமான்தான் இருக்காது. உங்கள் பரணில் கிடக்கிற பழைய தராசு, படிக்கல், கம்பி இல்லாத போன், ஓடாத டைப்ரைட்டர், உடையாத சின்னப் பாத்திரம், சாயம் போகாத நூல் சேலை இவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிறவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம், மாதம் ஒருமுறை நான் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். கோணி மட்டும் வேண்டாம், நிறைய இருக்கிறது. தராசு இரண்டு கேட்டிருக்கிறார்கள், யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.